இடமிருந்து ஒன்பதாவது துளை

ஜூலை ஐந்து, இரவு எட்டே முக்கால்.
லூப்லினில் இன்னும் வெளிச்சம் மிச்சமிருக்கிறது.
குப்பைத் தொட்டிகளுக்கும் லெஸ்வாவின் காருக்கும் நடுவே
கழுத்து வலிக்க அண்ணாந்து நிற்கிறேன்.
கையில் பேனா,
ஏதோ ஒரு ரசீதின் பின்பக்கம்.

எண்ண வேண்டும், அவ்வளவுதான் வேலை.
எண்ணிப் பாருங்கள் தெரியும்.
தெருமுனையில் கூட்டமாய்க் கிறீச்சிட்டுத் திரும்பி
வானத்தைக் கோடு கோடாய் உழுதபடி வந்து
ஒன்று மட்டும் பிரிந்து
சுவரில் மோதப்போகிறது என்று நாம் பதறும் கணத்தில்
சுவருக்குள் இருக்கிறது.
இமைத்தால் போயிற்று.

கூரைக்குக் கீழே பதினான்கு துளைகள் இருந்தன.
மேல்தளம் மூச்சுவிடட்டும் என்று
அறுபதுகளில் யாரோ விட்டுவைத்தவை.
உழவாரன்கள் அவற்றைத் தமக்கென்று எடுத்துக்கொண்டன,
வாடகை இல்லை, ஒப்பந்தம் இல்லை.
பத்து மாதம் தரையையே தொடாமல்
காற்றிலேயே உண்டு காற்றிலேயே உறங்கிய பறவைக்கு
கால் வைக்க உலகத்தில் ஓர் இடம்:
ஐந்தாம் மாடி, எங்கள் கட்டடம்.

போன வருடம் கட்டடத்துக்குக் கம்பளி போர்த்தினோம்.
வெள்ளை நுரைப்பலகை, மேலே பீச் நிறப் பூச்சு,
துளைகளுக்குக் கம்பிவலை.
வெப்பக் கட்டணம் குறையும் என்றார்கள்.
கூட்டத்தில் நானும் கை தூக்கினேன்.

அதுவும் ஜூலைதான்.
தொண்டையில் பூச்சி உருண்டையோடு வந்த பறவை
வலையில் மோதியது.
சுற்றிப் போய் மறுபடி வந்தது, மறுபடி மோதியது.
இரண்டாம் மாடி யாக்னா
தீயணைப்பு நிலையத்துக்குத் தொலைபேசினாள்.
தீ எங்கே என்று கேட்டார்களாம்.

கடைசியில் வலை அடித்த பையனே, டிமோன்,
வேலை முடிந்த பிறகு சாரத்தில் ஏறினான், கையில் குறடு.
ஒன்பதாவது துளையை வெட்டித் திறந்தான்.
மற்றவற்றில் காது வைத்துப் பார்த்துவிட்டு
சத்தம் இல்லை என்றான்.
சத்தம் இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று
கீழே நின்ற நாங்கள் யாரும் கேட்கவில்லை.

குளிர்காலம் முழுக்கக் கடிதம் எழுதினோம்.
பன்னிரண்டு மரப்பெட்டிகளுக்கு அனுமதி கிடைத்தது.
மே மாதம் யாக்னா ஜன்னலில் ஒலிபெருக்கி வைத்து
உழவாரன் குரலைப் போட்டாள்,
இங்கே ஏற்கெனவே குடித்தனம் இருக்கிறது என்று
நம்பவைக்க.
முதலில் நம்பியவை சிட்டுக்குருவிகள்.
சரி, வரட்டும்.

லெஸ்வாவுக்கு இதெல்லாம் பிடிக்காது.
காரின் மேல் எச்சம், காதுக்குள் இரைச்சல்,
என் பெயரைச் சொல்லியே திட்டுவார்.
ஜூனில் மூன்று நாள் குளிர்மழை.
நான்காம் நாள் காலை கதவைத் தட்டினார்,
தொப்பியைக் கவிழ்க்காமல் ஏந்திக்கொண்டு.
“உங்கள் பறவை. டிராலிபஸ் நிறுத்தத்தில் கிடந்தது.”

என்னுடையது இல்லை என்று சொல்ல வந்தேன்.
ஒரு சாவிக்கொத்தின் கனம்.
உடலைவிட நீண்ட இறக்கைகள், புகைக்கரி நிறம்.
நிற்கத் தெரியாத கால்கள், பற்ற மட்டும் தெரிந்தவை;
தொப்பியின் நூலை விடவில்லை.
பிடரியிலிருந்து ஒரு தட்டைப்பூச்சி பக்கவாட்டில் ஓட
லெஸ்வா தன் தாயின் பெயரைச் சொன்னார்.

துணியால் துடைத்து, வெயில் வரும்வரை
அட்டைப்பெட்டியில் இருட்டில் வைத்தோம்.
பிறகு பால்கனி.
வீசக் கூடாது, உள்ளங்கையை விரித்து
உயர்த்திப் பிடித்தால் போதும் என்றேன்.
“எவ்வளவு நேரம்?”
தெரியாது.

அவர் கை நடுங்கியதா பறவை நடுங்கியதா,
இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.
அது விழுந்தது.
மூன்றாம் மாடி, இரண்டாம் மாடி,
அவருடைய காரின் கூரை வரைக்கும் விழுந்தது.
அப்புறம் எங்கள் தலைக்கு மேல் இருந்தது.
உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு
தொப்பியை என்ன செய்வது என்றார், நாற்றமடிக்கிறது.

காரை அதே இடத்தில்தான் நிறுத்துகிறார்.
எச்சத்துக்கு அதே திட்டு.
இப்போதும் ஜன்னலைத் திறந்து கத்துகிறார்:
“எத்தனை?”

மணி ஒன்பதே கால்.
பெட்டிகளில் ஒன்றுமில்லை.
ஒன்பதாவது துளைக்குள் போனதும் வந்ததுமாக
ஐந்து என்று வைத்துக்கொள்கிறேன்,
ஆறாகவும் இருக்கலாம்.
நுரைப்பலகைக்கு முந்தைய கோடையில் இருபத்து மூன்று.

மடிக்கும்போதுதான் ரசீதைத் திருப்பிப் பார்க்கிறேன்.
வெப்பக் கட்டணம்.
சென்ற குளிர்காலத்தைவிட
நாற்பது ஸ்லோட்டி குறைவு.